வாலாட்டியில் மணப்பெண்

அக்டோபர் 24, செவ்வாய்
நார்ட்டன் சந்தி

காலையிலேயே கழிவுப் பெட்டியைக் காலி செய்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டியாயிற்று. ஆப்பிள் கேக்கை அடுப்பில் வைத்துவிட்டுக் காலை நீட்டினேன். என் கணவன் கிளிஃப் மட்டும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுப் படகு வாலாட்டியின் பின்பக்கம் அமுங்குகிறதாம். கூரைமேல் ஏறி நிலக்கரி மூட்டைகளை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தினான். கூரை முழுக்க ஈர இலை. ஒரு சறுக்கல், கரையில் 'தொப்' என்று சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

காறை எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு வாரம் வலது கையைத் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கேக் கரிந்து போயிருந்தது. கரிந்ததைச் சீவிவிட்டுத் தின்றோம்.

அக்டோபர் 25, புதன்

தூக்கம் வராமல் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 11 நாத்தனார் ரோசலிண்டுக்குக் கல்யாணம். அறுபத்தாறு வயதில், இரண்டாவது முறை. மாப்பிள்ளை டுண்டே, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரைவிடச் சாதுவான மனிதரை நான் பார்த்ததில்லை. காஸ்க்ரோவில் எங்கள் படகில் ஏறி, ஆற்றுக்கு மேலே வாய்க்காலைச் சுமந்து போகும் இரும்புத் தொட்டிப் பாலத்தைக் கடந்து, வுல்வர்ட்டன் கரையில் மணப்பெண்ணாக இறங்கவேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன் கிளிஃப் ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டோக் ப்ரூயர்னில், வாய்க்காலில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளில் ஒன்றின் கதவை மாற்றப்போகிறார்கள். நவம்பர் 6 முதல் வசந்தம் வரை அந்த வழி அடைப்பு. அதற்குள் கீழே இறங்காவிட்டால் குளிர்காலம் முழுக்க வாலாட்டி மேலே, கல்யாணம் கீழே.

நான் ஓட்டலாமே என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக இந்தப் படகில் குடியிருக்கிறேன். சுக்கானைத் தொட்டது முதல் வாரத்தில் மட்டும். அன்று ஒரு மதகுக் கதவில் நேராகக் கொண்டுபோய் மோதினேன். தட்டுகள் எல்லாம் உடைந்தன. விருந்துக்கு வந்திருந்த ரோசலிண்ட் முன்பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் போனாள். வெள்ளைக் கால்சட்டை வேறு. 'விடு டோரி, நான் பாத்துக்கறேன்' என்று கிளிஃப் சுக்கானை வாங்கிக்கொண்டான். அதிலிருந்து மதகுகள் என் வேலை, ஓட்டுவது அவன் வேலை.

அக்டோபர் 26, வியாழன்

கிளிஃப் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டான். ஒருவருக்கும் ஒழியவில்லை. கடைசியில் ரோசலிண்டையே கூப்பிட்டு, கல்யாணத்துக்குக் காரில் போகலாமா என்று இழுத்தான். போனை நான் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“நான் ஓட்டறேன், ரோஸ்.”

“சரி,” என்றாள். “அப்ப நான் கல்யாணக் கவுனுக்கு உள்ள நீச்சல் உடை போட்டுக்கறேன்.” எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

அக்டோபர் 27, வெள்ளி

சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை.

இன்றைய கணக்கு: வில்லோ மரம் ஒன்று, நாணல் புதர் இரண்டு, தூண்டில்காரர் ஒருவர். தூண்டில்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. குடையை மட்டும் இழந்தார்.

அக்டோபர் 29, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. இனிச் சாயங்காலமே இருட்டிவிடும்.

கிளிஃப் பக்கத்திலேயே நின்று, 'இப்ப, இப்ப, இப்பத் திருப்பு, ஐயோ இல்ல, அந்தப் பக்கம்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஐம்பத்தேழு அடி நீளப் படகு. ஆனாலும் அவன் குரலிலிருந்து தப்பிக்க ஒரு மூலை கிடையாது. இன்று சொல்லிவிட்டேன்: போய் முன்பக்கத்தில் உட்காரு, என் காதில் உன் சத்தம் விழக்கூடாது.

போய்விட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடிபட்ட கையோடு, நாற்காலியை இடது கையால் இழுத்துக்கொண்டு. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வளைவை ஒன்றிலும் இடிக்காமல் திருப்பினேன்.

அக்டோபர் 31, செவ்வாய்
பக்பி மதகுகளுக்குக் கீழே

ஏழு மதகு! ஏழும் இறங்கிவிட்டோம்.

நிலக்கரிப் படகுக்கார மெரியல் இன்று இதே வழியாக வந்தாள். இந்த மதகுகள் இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அகலம், சேர்ந்தே இறங்கலாம் என்றாள். அவள் படகு எழுபது அடி, கறுப்பு, பத்து டன் கரி. அதற்குப் பக்கத்தில் உரசாமல் நான் நுழையவேண்டும்.

முதல் மதகின் வாசலில் மெரியலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், எனக்கு ஓட்டவே தெரியாது என்று. அவள் தேநீர்க் கோப்பையைக் கூரைமேல் வைத்தாள்.

“எனக்கென்ன போச்சு? என்னுது கரிப்படகு. இடிச்சா உங்க பெயிண்ட்தான் போகும். மெதுவா வாங்க. இதுக்கு மேல மெதுவா முடியாதுன்னு தோணும் பாருங்க, அதுல பாதி வேகத்துல வாங்க.”

அவ்வளவுதான். பாதியிலும் பாதி வேகத்தில் போனேன். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. உள்ளே போய் நின்றதும் மெரியல் ஏணியில் ஏறி, தண்ணீரை வெளியேற்றும் ஷட்டரைத் தூக்கினாள், தண்ணீர் வடிய வடியச் சுவர்கள் இரண்டு பக்கமும் வளர்ந்தன. பின்னாலிருக்கும் கல்படியில் பின்பக்கம் மாட்டிக்கொள்ளாமல் படகை முன்னாலேயே நிறுத்தி வைத்திருக்கவேண்டும். மாட்டினால் தண்ணீர் இறங்கும், படகு இறங்காது. அந்தக் கல்லைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கிளிஃப் கதவுத் தண்டில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளித் தள்ளித் திறந்தான். இத்தனை வருஷம் நான் தள்ளிய கதவுகள். நாலாவதிலேயே மூச்சிரைத்தது.

“இவ்ளோ கனமா டோரி இது?”

“ஆமா.”

“நீ சொல்லவே இல்லயே.”

சொல்லியிருக்கிறேன். விட்டுவிட்டேன். இன்று எனக்குச் சண்டை போட மனமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ராத்திரிச் சாப்பாடு: சாசேஜ், வெங்காயக் குழம்பு, மசித்த உருளை. மெரியலும் சாப்பிட்டாள், மூன்று முறை வாங்கி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் பரிமாறிய எனக்கு இதைவிட என்ன வேண்டும்.

நவம்பர் 2, வியாழன்

ப்ளிஸ்வொர்த் சுரங்கம். ஒன்றேமுக்கால் மைல். ஒற்றை விளக்கு, மேலேயிருந்து கழுத்துக்குள் சொட்டும் தண்ணீர். தூரத்தில் வெளிவாசல் ஒரு பொத்தான் அளவு.

நடுவில் எதிரே ஒரு விளக்கு தெரிந்தது. இன்னொரு படகு. இரண்டும் ஒதுங்கிப் போகத்தான் இடம். வேகத்தைக் குறைத்து வலப்பக்கச் சுவரை ஒட்டினேன். ஒரு 'கிரீச்'. ஒரு 'நன்றி' என்ற குரல் இருட்டில் கடந்து போயிற்று. அவ்வளவுதான் ஆயிற்று.

முன்பக்கத்தில் உட்கார்ந்து கிளிஃப் வழக்கம்போல் உரக்கப் பாடிக்கொண்டே வந்தான். சுரங்கம் வந்தாலே பாடுவான், எதிரொலி பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் பார்த்தால் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சுரங்கம் என்றாலே அவனுக்குப் பயமாம். முதல் நாளிலிருந்தே. பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கொஞ்சம் தேவலை, இன்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றான்.

ஒன்பது வருஷம்! முட்டாள் மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானாவது பக்கத்தில் வந்து நின்றிருப்பேனே. உள்ளே உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக்கொண்டே காலுறை பின்னியிருக்கிறேன்.

தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 4, சனி

ஸ்டோக் ப்ரூயர்னில் வரிசை. அடைப்புக்கு முன்னால் இறங்கிவிட எல்லாருக்கும் அவசரம். எங்கள் முறை வர மதியமாயிற்று. ஏழு மதகு, ஒரு தடவைகூட யாரையும் இடிக்கவில்லை. முன்னால் போன ஆள் எங்களை இடித்தார். பெருந்தன்மையாகக் கையை ஆட்டினேன். என்ன சுகம் அதில்.

நவம்பர் 6, திங்கள்

இன்று அடைத்துவிட்டார்கள். நாங்கள் இந்தப் பக்கம்.

நவம்பர் 9, வியாழன்
காஸ்க்ரோவ்

பித்தளைப் பூண் எல்லாம் தேய்த்தேன். கிளிஃப் இடது கையால் கூரையைக் கழுவினான், பாதித் தண்ணீர் அவன்மேல். ரோசலிண்ட் இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் வானிலை பற்றிக் கேட்டாள். அவள் குரல் சரியில்லை. என் ஓட்டுதலை நினைத்துப் பயப்படுகிறாள் போலிருக்கிறது. இருக்கட்டும்.

நவம்பர் 11, சனி

கையெழுத்து கோணுகிறது, கை இன்னும் சூடேறவில்லை. எழுதாமல் படுக்க மாட்டேன்.

பதினொரு மணிக்கு ரோசலிண்ட் ஏறினாள். தந்த நிறக் கவுன், தலையில் சின்னச் சின்ன நீலப் பூ. கிளிஃப் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பொடிநடையாக முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். கயிற்றை அவிழ்த்துப் புறப்பட்டோம். நல்ல வெயில். இருநூறு அடிகூடப் போயிருக்க மாட்டோம், படகு உதறிற்று, எஞ்சின் முனகிற்று, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் எதுவோ சுற்றிக்கொண்டது.

எஞ்சினை நிறுத்தி, படகைக் கரையில் ஒதுக்கினேன். பின்தளத்துக்கு அடியில் விசிறிக்குக் கை விட ஒரு மூடி உண்டு. புது நீல உடையின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, ரொட்டிக் கத்தியோடு குப்புறப் படுத்தேன். தண்ணீரா அது, பனிக்கட்டி. தடவிப் பார்த்தால் துணி. இழுத்தால் வரவில்லை, அறுத்து அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

தலைக்கு மேல் பூவாசனை. ரோசலிண்ட் கவுனை முழங்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“டோரீன், இது சரியாகவே கூடாதுன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன்.”

“எது? விசிறியா?”

“படகு இங்கயே நின்னுட்டா நான் போக வேண்டாமில்ல.”

நான் கத்தியை நிறுத்தினேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினாள். டுண்டே என்றால் அவளுக்கு உயிர். அதுதான் பயமாம். முதல் கல்யாணத்தில் எல்லாவற்றையும் தானே கெடுத்ததாக நினைப்பு. இந்த வயதில் மறுபடி ஒருவர் வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு நிற்கமுடியாது என்றாள். ரோசலிண்டா இப்படிப் பேசுகிறாள்? நாக்கால் ஊரையே விரட்டுகிற ரோசலிண்டா?

கை மரத்துப் போயிருந்தது.

“ரோஸ், ரெண்டு வாரமா இந்தப் படகை ஓட்டறேன். எத்தனை தடவ இடிச்சேன்னு எனக்கே தெரியாது. மெதுவா போனா இடிச்சாலும் ஒண்ணும் ஒடையாது.”

நான் கடைசி முடிச்சை அறுத்து இழுத்தேன். வந்தது ஒரு ஜன்னல் திரை. பெரிய பெரிய ஆரஞ்சுப் பூப்போட்ட முழுத் திரை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ரோசலிண்ட் சிரிக்கத் தொடங்கினாள். கண்மை கரைந்து வழிகிற அளவுக்குச் சிரித்தாள். முன்பக்கத்திலிருந்து கிளிஃப் என்னவென்று கேட்டான், யாரும் சொல்லவில்லை.

எஞ்சின் ஓடிற்று. ஆனால் என் வலது கை கட்டையாகிவிட்டது, விரல் மடங்கவில்லை. “நீ பிடி,” என்றேன். தப்பிக்கப் பார்த்தாள். சுக்கான் தண்டில் அவள் கையை வைத்து அதன்மேல் என் இடது கையை வைத்தேன். அப்படியே இரும்புத் தொட்டிக்குள் நுழைந்தோம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும், மறு பக்கம் கம்பியே இல்லை. எட்டிப் பார்த்தால் நாற்பது அடி கீழே ஆறும் மாடுகளும். பாதி தூரம் போனதும் நான் கையை எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது, “பாவி,” என்றாள். விடவில்லை.

வுல்வர்ட்டன் கரையில் டுண்டே நீல அங்கியும் தொப்பியுமாக, அவருடைய அக்கா தங்கைகள் பளபளக்கும் தலைக்கட்டுகளோடு நின்றார்கள். மணப்பெண்ணே ஓட்டிக்கொண்டு வருவதைக் கண்டதும் கரை முழுக்க ஒரே கூச்சல். அவள் பதறி, தண்டைத் தப்பான பக்கம் தள்ள, வாலாட்டி நன்றாகவே கரையில் இடித்தது. கிளிஃப் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

டுண்டே கையை நீட்டினார். “சரியான நேரத்துக்கு வந்துட்ட,” என்றார். இருபத்தைந்து நிமிஷம் தாமதம். ரயில்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்.

டுண்டே வீட்டாரின் காரசாரமான ஜொலோஃப் சோறும், மாவில் மூடிச் சுட்ட என் கோழிப் பையும் ஒரே தட்டில். நான் ஆடினேன். டுண்டேவின் அக்காக்கள் விடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

கால் வலி.

டிசம்பர் 12, செவ்வாய்
வுல்வர்ட்டன்

கிளிஃபின் எலும்பு கூடிவிட்டது. இனி எல்லா வேலையும் செய்யலாம் என்றார்களாம். சந்தோஷத்தில் ரோசலிண்ட் வீட்டுக்குச் சீட்டாடப் போய்விட்டான், டுண்டேவிடம் தோற்பதற்கு.

குடிதண்ணீர் தீரும் தறுவாயில் இருந்தது. தண்ணீரில் மெல்லிய பனித்தோல். அவன் வரட்டும் என்று காத்திருக்கத் தோன்றவில்லை. கயிறுகளை அவிழ்த்தேன். பனித்தோல் படகின் முன்னால் கண்ணாடி போலக் கிணுகிணுவென்று உடைந்துகொண்டே வந்தது. குழாயடியில் நிறுத்தித் தொட்டியை நிரப்பினேன். பிறகு இன்னும் கொஞ்சம் போய், வாய்க்கால் அகலமாகிற இடத்தில் முன்முனையைக் கரைச்சேற்றில் ஊன்றவிட்டு, பின்பக்கத்தைச் சுழற்றி, ஐம்பத்தேழு அடியையும் ஒரே வீச்சில் திருப்பினேன். ஒரு சின்ன இடிகூட இல்லை. சுற்றிலும் பார்த்தேன். கரையில் ஒரு ஆள் இல்லை.

திரும்பி வந்து கட்டிவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். கிளிஃப் வந்ததும், படகு ஏன் எதிர்த்திசை பார்த்து நிற்கிறது என்று கேட்டான்.

“தண்ணி பிடிக்கப் போனேன்,” என்றேன்.

'ஓ' என்றான். காலணியைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கு எந்தப் பக்கம் போகிறோம் என்று என்னைக் கேட்டான்.