கையெழுத்துப் போடாத லிஃப்ட்காரர்

இதனால் சகலருக்கும், குறிப்பாக இல்லாளுக்கு அறிவிப்பது என்னவென்றால்: இவ்வீட்டின் தலைவரும், லிஃப்ட் பரிசோதகரும், ஞாயிறுதோறும் சபையில் கீழ்ப்படிதலைப் பற்றி முழங்குபவருமான உன் கணவர் அதிகாலையிலேயே புறப்பட்டுவிட்டார். சாவி செருப்புப் பெட்டியின் மேல் இருக்கிறது. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறார்.

நேற்றிரவு நீ கேட்டாய்: "நூல் நூலா பிஞ்சு தொங்குற லிஃப்ட் கம்பிவடத்துக்கு, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடப் போறீங்களா? தேவனோட உடன்படிக்கை, உடன்படிக்கைன்னு வாய் கிழியப் பேசுறீங்க. திங்கட்கிழமை ஆனா முதலாளிதான் உங்களுக்குத் தேவனா?"

தலைவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

உறக்கத்தில் ஒரு லிஃப்ட் வந்தது. அதற்குக் கம்பிவடமே இல்லை. மேகங்களுக்கு நடுவே மெல்ல மெல்ல ஏறியது. எந்த மாடியில் கதவு திறந்தாலும் அங்கே நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். பயமே வரவில்லை. "வாக்குக் கொடுத்தவர் பிடிச்சிருக்கார், சும்மா நில்லு" என்றது ஒரு குரல். தலைவர் வழக்கம்போல் அதற்குச் சான்றிதழ் கேட்டார்.

பாப்பாவுக்கு எட்டு மணிக்கு மருந்து கொடு.

மறந்துவிட்டேன், இதையும் படி: கையெழுத்துப் போட முடியாது என்று நேற்றுக் காலையே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. வேலை போய்விட்டது. வேறு வேலை தேடித்தான் புறப்பட்டிருக்கிறேன்.