மலரின் கதவுகளும் நான் வைத்த பிள்ளையாரும்

கூடப் பிறக்காத என் தங்கச்சி மலருக்கு,

இன்று காலை ரைஸ் மில் சுவருக்கு முன்னால் நின்றவர்கள்: நான், பூக்கடை சுந்தரி, அளவெடுக்க வந்த கொத்தனார், முகாமிலிருந்து உன் மாமியார் பாக்கியம்மா. நான்கு பேர். நீ கண்மூடி ஒன்பது மாதமாகிறது.

சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள், மலர். நீ வரைந்த பதினொரு கதவுகளும் அதற்கடியில் போய்விடும்.

கடல் தாண்டி அகதியாக வந்த பெண்கள், விட்டுவந்த வீட்டுக் கதவு எப்படி இருந்தது என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, உன் புருஷன் வேலையில் மிஞ்சிய பெயிண்டில் நீ வரைந்தாய். ஒவ்வொரு கதவின் கீழும் அவள் சொன்ன ஒரு வரி. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் நின்று படித்தது. பாக்கியம்மாவின் நீலக் கதவுக்குக் கீழே, காணாமல் போன இளைய மகனுக்கு எழுதினாய்: ‘ராசன், அம்மா இங்கதான் இருக்கிறன். முகாமில் வந்து கேள்.’

அந்தச் சுவரில் ஆண்கள் ஒன்றுக்கிருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கதவுகளுக்கு நடுவே ஒரு பிள்ளையார் படத்தைப் பதிக்க வைத்தேன். நீ சிரித்தாய். “இருக்கட்டும் அக்கா, அவருக்கும் ஒரு அகதி அட்டை எடுப்பம்.”

நாற்றம் நின்றது. பிறகு கற்பூரம் வந்தது, எண்ணெய் வந்தது, தகரக் கூரை வந்தது, தெரு சேர்ந்து போடும் டைல்ஸும் வருகிறது. கரி ஏறி இப்போது மூன்று வரிதான் படிக்க முடிகிறது. பதினொன்றையும் யார் சொன்னது என்பதோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் நோட்டை எந்தக் கூட்டம் வந்து படிக்கும்?

டைல்ஸ் வேண்டாம் என்றேன். சுந்தரி பூ கட்டுவதை நிறுத்தவேயில்லை. “நீங்கதானேக்கா கொண்ணாந்து வச்சீங்க? இப்ப சாமிக்குச் செய்யாதன்னா எப்படி?”

பாக்கியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, முந்தானையால் நீலக் கதவின் கரியைத் துடைத்தார். “சாமியைக் குறை சொல்லாதேங்கோ பிள்ளை. இந்தக் கதவை மட்டும் விடச் சொல்லுங்கோ. அவன் வந்தா இதைத்தானே தேடுவான்?”

கொத்தனார், நடுவில் விட்டால் தண்ணீர் இறங்கும் என்றார்.

பிள்ளையாரைப் பெயர்த்துவிட்டால் டைல்ஸுக்கு வேலையில்லை. தினமும் அங்கே விளக்கேற்றுகிற என் கை அதற்குத் துணியுமா? பாவம் என் தலையில் விழட்டும். ஆனால் முகாம்காரர்கள்தான் தூண்டிவிட்டார்கள் என்று தெரு கிளம்பினால் அவர்கள் எங்கே போவார்கள்?

எது நடந்தாலும் பௌர்ணமிதோறும் பாக்கியம்மாவோடு அங்கே நிற்பேன். போகிறவர்களிடம் ராசனைப் பற்றி வாய்விட்டுக் கேட்பேன். யாராவது நின்று கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை, ஆனாலும் நிற்பேன்.

கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார். பிள்ளையாரை எடுக்கட்டுமா, விடட்டுமா? அதற்குள் பதில் சொல், மலர்.

உன் அக்கா,
வேதவல்லி