இரண்டு பேருக்குப் போட்ட ஹம்பி

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஹம்பிக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு போக, நானும் மேரியும் ஒரு வருடமாகத் திட்டம் போட்டோம். ஒரே அறை, ஒரு சாப்பாட்டை இருவரும் பகிர்வது என்று எல்லாமே இருவர் கணக்கு. இன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுல வேணாங்கறாங்கடி. கல்யாணத்துக்கு அப்பறம் அவரு கூட்டிட்டுப் போவாராம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

மீமிசல் பஸ் வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ரயில் டிக்கெட்டை ரத்து செய்யப் போனைத் திறந்தேன். யாருடைய பெயரை நீக்க வேண்டும் என்று கேட்டது. அவள் பெயரை மட்டும் நீக்கினேன். தனி அறை எடுக்க எனக்குக் கட்டுப்படியாகாது. தனியாகப் போக அம்மா விடவும் மாட்டாள். எல்லாம் தெரிந்தும் என் பெயரை நீக்கத்தான் கை வரவில்லை.