காலியான வகுப்பு

மார்ச் 3
"ஐயா, உட்காருங்க, தண்ணி குடிங்க." என் மனைவி என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசி எத்தனை வருடம்! தலைமையாசிரியர் பயிற்சியில் வீட்டுப்பாடமாம். கோபமாக வரும் பெற்றோரிடம் பேசிப் பழக வேண்டும். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் சும்மாதானே இருக்கிறேன்? மேசையைத் தட்டி வெளுத்து வாங்கினேன். "போதுங்க, நெசமாவே வர்ற ஆளு இவ்வளவு கத்த மாட்டான்."

மார்ச் 5
இன்று நேர்காணல் ஒத்திகை; மகள்தான் தேர்வுக் குழு. "குழாய்ல தண்ணி இல்ல. அதிகாரி வாசல்ல நிக்கிறாரு. ஒரு டீச்சர் வரல. முதல்ல என்ன செய்வீங்க?"
"அந்த கிளாஸுக்குப் போவேன்."
"அம்மா, தப்பு."
"பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்குமேடி!"

மார்ச் 11
இந்த வாரம் அவள் பள்ளியிலேயே பொறுப்புத் தலைமையாசிரியை. இப்போதைய தலைமையாசிரியை கூட இருந்து மதிப்பெண் போடுகிறார். அவர் பரிந்துரைத்தால்தான் நேர்காணல்.

இன்று சொதப்பல். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் விடுப்பு. இவள் "அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே நுழைந்தவள், பின்னங்களைப் பிடித்துக்கொண்டு மதிய மணிக்குத்தான் வெளியே வந்தாள். அதற்குள் தண்ணீர் லாரி, பொறுப்பாளர் யாரும் இல்லையென்று திரும்பிப் போய்விட்டது. பார்க்க வந்த பெற்றோர் காத்துக் காத்துக் கிளம்பிவிட்டார்கள்.

"பாடம் பிரமாதம் டீச்சர். மத்த வகுப்புக்கெல்லாம் இன்னைக்கு யாரு தலைமை?" என்றாராம் தலைமையாசிரியை.

நான், டிக்கெட் கொடுக்க எழுந்து போன பஸ் டிரைவரை உதாரணம் காட்டினேன். "உதாரணம் இல்லாம உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதா?" என்று அழுதேவிட்டாள். நானாக இருந்தாலும் உள்ளே போயிருப்பேனே — போகாமல் எப்படி இருப்பது?

மார்ச் 13
பால் பொங்கியது. எழப் போன மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயிற்சி! "யாராவது போங்க!" நான் மகளைப் பார்த்தேன், மகள் என்னைப் பார்த்தாள், அடுப்பு அணைந்தது.

"யாராவதுன்னா யாரும் போக மாட்டீங்க. பேர் சொல்லிச் சொல்லணும்" என்றாள். அடுப்பைத் துடைக்க என் பேர் வந்தது.

மார்ச் 14
பரிந்துரை கிடைத்துவிட்டது! இன்று வராத ஆசிரியருக்குப் பதில், ஆளைப் பேர் சொல்லி அனுப்பினாளாம்.

மார்ச் 20
நேர்காணல் முடிந்தது. "காலி வகுப்பைப் பத்திக் கேட்டாங்க. பால் கதையைச் சொன்னேன்."
"நம்ம வீட்டு அடுப்பையா?"
"சிரிச்சாங்க."
சிரித்தது நல்லதா, கெட்டதா?

ஏப்ரல் 2
பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்.

ஜூன் 9
காலையில் போன். "வணக்கம் சார், தலைமையாசிரியை பேசறேன். ஏழாம் வகுப்பு கணக்கு டீச்சர் லீவு. மாத்து ஆசிரியர் வரிசையில உங்க பேர் இருக்கு. வர முடியுமா?"
"ஏம்மா, இப்பதானே வீட்டுலருந்து கிளம்புன—"
"சார், முடியுமா, முடியாதா?"

போனேன். சரித்திரக்காரனுக்குப் பின்னம் எங்கே வரும்? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று பலகையில் எழுதிவிட்டேன். திரும்பினால் வாசலில் இவள். கண் பலகையில். ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே.

முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். "சார், அது தப்பு."

இவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி தாழ்வாரத்தில் நடந்து போனாள். தண்ணீர் லாரி வந்திருந்தது.