மதகடியோடு திரும்பிப் போனவனுக்கு

வியட்நாமில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கும் பேத்தி இன்று காலை ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஓர் ஏரிக்கரை. கூட வேலை பார்க்கும் பெண்ணும் இவளும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். "வீக்எண்ட் ட்ரிப், தாத்தா" என்று கீழே எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். அதன் பிறகு பேப்பர் படிக்க முடியவில்லை. நீ போய் எத்தனை வருடமாகிறது, ஒரே தட்டில் இருவர் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் இப்படி ஆகிறது.

நாம் எத்தியோப்பியாவுக்குப் போனபோது நமக்கும் அவள் வயதுதான். ஆங்கில வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வலங்கைமானுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்களிலிருந்து தனித்தனியாக மனுப்போட்டு, அங்கே போய் இறங்கிய பிறகுதான் பழக்கமானோம். நீ மிராசு வீட்டுப் பிள்ளை. நான் உன் அப்பாவின் வயலில் நட்டு அறுத்த குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடியில் விடுதியில் தங்கிப் படித்தவன். முதல் நாளே இதைச் சொல்லிவிட்டேன். அப்படியா என்று கேட்டுவிட்டு எனக்கும் சேர்த்து டீ போட்டாய். முதல் வாரமே 'டா' போட்டாய். எனக்கு அது வாயில் வர மூன்று மாதம் ஆயிற்று.

சனிக்கிழமை வந்தால் உனக்கு வீட்டில் கால் தங்காது. பரீட்சைத் தாள் மலையாகக் கிடக்கும். அது எங்கேயும் ஓடிப்போகாது, கிளம்பு என்பாய். பஸ் ஏறிய அரை மணியில் வாந்தி எடுப்பாய். அதைக் காரணம் காட்டியே இரண்டு வருடமும் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டாய்.

அப்படி ஒரு சனிக்கிழமை ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அங்கே தட்டு அகலத்துக்கு ஒரு புளித்த தோசையைப் போட்டு, அதன் மேலேயே குழம்பை ஊற்றி வைப்பார்கள். எத்தனை பேர் இருந்தாலும் ஒரே தட்டுதான். பிரியமானவருக்கு ஒரு கவளம் ஊட்டிவிடுவது அவர்கள் வழக்கம். கடைக்கார அம்மாள் நாம் அண்ணன் தம்பியா என்று கேட்டாள். நீ யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லி, ஒரு கவளத்தைச் சுருட்டி என் வாயில் வைத்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரமா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

என் அம்மா வைக்கும் வயல் நண்டு ரசத்தைப் பற்றி உன்னிடம் நிறைய அளந்திருந்தேன். திரும்பும் பஸ்ஸில் அது உனக்கு ஞாபகம் வந்தது.

"லீவுல ஊருக்குப் போனா உங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிடணும்டா. அம்மாகிட்ட சொல்லி வை."

சொல்லி வைத்தேன். ஆனால் நாம் லீவில் வந்த அந்தத் தை மாதம் ஊர் ஊராக இல்லை. கழக ஆட்சி கூலிக்குச் சட்டம் போட்டிருந்தும், எங்கள் ஆட்கள் கேட்ட கூலி நெல்லை உன் அப்பா கொடுக்க மறுத்து, வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியிருந்தார். என் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவர். மறிக்கப் போனதில் சித்தப்பாவுக்குக் கை முறிந்திருந்தது. இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாய். அம்மா வாய்க்காலில் இறங்கி நண்டு பிடித்துவந்தாள்.

உச்சி வெயிலில் சைக்கிளில் வந்தாய். எங்கள் தெரு தொடங்கும் மதகடியில் சங்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உன்னைத் தடுக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மிராசு வீட்டோடு கூடிக் குலாவுகிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"என்னங்க, இந்தப் பக்கம்?" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. அம்மா இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டாய்.

"வீட்ல யாரும் இல்லைங்க. நீங்க போங்க."

ரசம் கொதிக்கும் வாசம் தெருமுனை வரை வந்துகொண்டிருந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். நீ சைக்கிளைத் திருப்பினாய். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

சாயந்திரம் விஷயம் தெரிந்து அப்பா என் முன்னால் வந்து நின்றார். "நம்ம சண்டை அவங்கப்பாவோட. சாப்பிட வந்த புள்ளைய ஏண்டா திருப்பி அனுப்புன?" என்றார். மதகடியில் இருந்தவர்கள் மேல் பழி போட வழியில்லை. அந்தக் கோழைத்தனம் முழுக்க என்னுடையது.

எத்தியோப்பியாவுக்கு நான் மட்டும் திரும்பினேன். நீ வரவில்லை. கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து, 'அன்புள்ள' என்பதோடு தாளைக் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமைகளில் வேறு வாத்தியார்களோடு சுற்றினேன். ஜன்னல் சீட்டு இப்போது எனக்குத்தான். அதில் உட்காரப் பிடிக்கவில்லை.

பதினொரு வருடம் கழித்து, நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டுத் தஞ்சாவூரில் உன் வீட்டைத் தேடி வந்தேன். சின்ன வாடகை வீடு. மிராசு வீட்டுப் பிள்ளைக்கு ஏன் வாடகை வீடு என்று புரியாமல் வாசலில் நின்றேன்.

எத்தியோப்பியாவில் கூட இருந்தவன் என்றதும் உன் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவராகவே சொன்னார். அன்று நீ வீடு திரும்பியதும் உன் அப்பா எல்லோரையும் வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்டாராம். சாப்பிட்டேன் என்றாயாம். இல்லையென்று ஒரு வார்த்தை சொல், விட்டுவிடுகிறேன் என்றாராம். நீ சொல்லவில்லையாம். பாஸ்போர்ட்டைக்கூட அவர் தரவில்லை. கட்டிய துணியோடு தஞ்சாவூர் வந்த நீ, பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லையாம்.

"உங்கம்மா வச்ச நண்டு ரசம் மாதிரி எங்கேயும் சாப்பிட்டதில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க," என்றார். "அன்னிக்கு நல்லா சாப்பிட்டாங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க," என்றேன். "ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

என் வீட்டில் உனக்கு நான் போட்ட சோறு அது ஒன்றுதான்.