மண் தின்ற தோர்த்து

14 ஜூன் 2025, சனி
இன்றும் அம்மா வீட்டைச் சுற்றிய விளை முழுவதும் கூட்டினாள். அப்பா சருகையெல்லாம் குவித்துத் தீ வைத்தார். ஞாயிறு ஆராதனைக்குச் சபைக்குப் போகிறவர்கள் கண்ணுக்கு எங்கள் வாழைத்தோட்டமும் முற்றம்போல் தெரிய வேண்டும். எல்லாச் சனியும் இதே புகை.

மரச்சீனிக் கிழங்கு விரல் கனம்கூட இல்லை. வாழை குலை தள்ளும் முன்னே சாய்கிறது. அப்பா சொல்லிவிட்டார்: "மண்ணு செத்துப்போச்சு மக்கா. வித்திரலாம். ஓணம் கழிஞ்சா ஜேசிபி வந்து மண்ண வெட்டி எடுத்திட்டுப் போகட்டு."

செத்துப்போச்சா? யார் பார்த்தது?

15 ஜூன்
நான் யூடியூபில் விடாமல் பார்க்கும் மண் சேனலில் ஒரு சோதனை: பருத்தித் துணியைப் புதை, உயிருள்ள மண் இரண்டு மாதத்தில் தின்றுவிடும். அப்பா தோளில் போடும் துண்டு, பழைய தோர்த்து ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். ஒன்று வாழைக்கு நடுவில். மற்றது விளை மூலையில், தாத்தா கல்லறை ஓரம் — அங்கே மட்டும் யாரும் தீ போடுவதில்லை, பலாச்சருகு விழுந்தபடியே கிடக்கும்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஷைஜு அண்ணன் தலை. "எட்டி ஜெஸ்மி, யாருக்கு அடக்கம்? பாஸ்டர விளிக்கணுமா?"

2 ஜூலை
மழை. தோண்டிப் பார்க்கக் கை அரிக்கிறது. தோண்டவில்லை.

23 ஆகஸ்ட்
வாழை நடுவில் புதைத்ததைத் தோண்டி எடுத்து அலசினேன். அப்படியே இருக்கு. முகம் துடைக்கலாம். அழுகை வந்துட்டு.

கல்லறை ஓரம் — துணியே இல்லை. ஓரம் தைத்த பாலியஸ்டர் நூல் மட்டும். மண் கறுத்து, புட்டுமாவு மாதிரி உதிருது. போனில் லென்ஸ் மாட்டிப் பார்த்தேன். நகக்கண் அளவு மண்ணுக்குள் ஏதேதோ பூச்சி ஊர்கிறது, புழு நெளிகிறது, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடுகிறது. உதியன்குளங்கரை சந்திப்பில்கூட இத்தனை நெரிசல் இல்லை. இவ்வளவு பேரும் இங்கேயா இருந்தார்கள்? நான் அவர்கள் மேலே நடந்துகொண்டா இருந்தேன்?

அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே விளைதான?"

"ஒரே விளைதான். அங்க நீங்க தீ போடல. அவ்வளவாக்கும்."

கல்லறை மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். "அப்பனுக்க பக்கத்துல மட்டும் உயிரு உண்டு," என்றார்.

8 செப்டம்பர்
மண் எடுக்கிற ஜேசிபிக்காரர் போன் செய்தார். அப்பா: "கிறிஸ்மஸ் கழியட்டு. பிறகு பேசுவோம்."

அதற்குள் மண் மாறுமா? சேனலில் கேட்டு வைத்திருக்கிறேன்.

13 செப்டம்பர், சனி
அம்மா முற்றம் கூட்டியதோடு நிறுத்திக்கொண்டாள். புகை இல்லை.

"என்ன மாமா, நாளைக்கு சபை இல்லியா? விளையில ஒரே குப்ப," என்றார் ஷைஜு அண்ணன்.

"குப்பையில்லலே. மண்ணுக்குச் சோறாக்கும்." அப்பா சருகை வாழைமூட்டில் பரப்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே தோளில் கிடந்த தோர்த்தை எடுத்துக் கிழித்தார்.

"எவ்வளவு ஆழம் மக்கா?"