மலையான் சாப்பிடாத கார்த்திகை

ஸ்ரீரங்கம்
28-4-1963

அன்புள்ள மகன் அழகர்சாமிக்கு, அப்பா வெள்ளைச்சாமி ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தப் பனிமலையில் நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. உன் கடிதம் கிடைத்தது. உப்பிலியபுரத்தில் ரோட்டு வேலை பார்த்தபோது பச்சமலை அடிவாரத்திலிருந்து அந்தக் கடமான் குட்டியை நீ தூக்கி வராமல் இருந்திருந்தால் தம்பி சின்னையன் இன்று உயிரோடு இருந்திருப்பான் என்று எழுதியிருக்கிறாய். நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள். சண்டை நேரத்தில் உனக்கு லீவும் கிடைக்கவில்லை, தந்தியில் நாலு வார்த்தைதான் வந்து சேர்ந்தது. முழுவதையும் எழுத இத்தனை நாளாக எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பட்டாளத்துக்குப் போன பிறகு அந்தக் குட்டிக்கு, நம் மலையானுக்கு, எல்லாமே சின்னையன்தான். மலைக்கோட்டை ஜவுளிக் கடையில் வேலை முடிந்து சைக்கிளில் வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாழைத்தோட்டத்து வேலிக்குள் போய்விடுவான். வாழையிலை, அகத்திக்கீரை, தவிடு எல்லாம் அவன் கையால்தான். வெயில் காலத்தில் கொம்பு விழுந்து புதுக் கொம்பு முளைக்கும்போது அது கன்றுக்குட்டி மாதிரி அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். முந்தின வருஷங்களில் வந்தவை சின்னக் கொம்புகள். போன வருஷம்தான் கிளைவிட்டு முழுக் கொம்பாக வந்தது. ஐப்பசி மழையில் கொம்பைப் போர்த்தியிருந்த மெத்தென்ற தோல் உரிந்து போயிற்று, தென்னை மரத்தில் உரசி உரசி முனையைக் கூராக்கிக்கொண்டது. கார்த்திகை பிறந்ததும் கழுத்து பருத்துப் பிடரி மயிர் சிலிர்த்தது, சேற்றில் புரண்டு எழுந்து ஒரு வீச்சத்தோடு வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தது. தீனியைத் தொடவில்லை. மழையில் தழைத்ததையெல்லாம் தின்று திரண்டிருந்த உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. நமக்கு என்ன தெரியும், வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தோம். அது சாப்பிடாததால் சின்னையனும் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவான், அம்மா திட்டுவாள்.

அன்று சாயங்காலம் ஓமத் தண்ணீர் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனான். அது ஒரு மாதிரி முறைக்கிறது, இன்றைக்கு உள்ளே போகாதே என்று அம்மா தடுத்திருக்கிறாள். என்னை அது என்னம்மா பண்ணப்போவுது என்று சிரித்துக்கொண்டே படலைத் திறந்திருக்கிறான். நான் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினபோது அது அவனை வேலிக் கம்பத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. கம்பால் அடித்து விலக்கினேன். என்னைத் திரும்பிப் பார்த்த கண், நாம் வளர்த்த மானின் கண்ணாகவே இல்லை. பக்கத்துத் தோட்டத்து நல்லுசாமிதான் எங்கிருந்தோ ஒரு காரைப் பிடித்துவந்து பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சின்னையனுக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது பல நாளா ஒண்ணும் திங்கலப்பா. பசியில பண்ணிடுச்சு. அடிச்சிடாதீங்க" என்றான். அதற்கப்புறம் பேச்சில்லை. மறுநாள் காலையில் போய்விட்டான். இருபது வயதுப் பிள்ளையை நான் இந்தக் கையால் கொள்ளிடக் கரையில் வைத்துக் கொளுத்திவிட்டு வந்தேனப்பா.

காரியம் முடிந்ததும் நல்லுசாமி துப்பாக்கியோடு வந்தான், ஊரும் அதைத்தான் சொன்னது, என் மனசிலும் அதுதான் இருந்தது. உன் அம்மாதான் படலுக்கு முன்னால் வந்து நின்றாள். "போறப்ப என் புள்ள கேட்டது அது ஒண்ணுதாங்க" என்றாள். நல்லுசாமி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனான். கால்நடை டாக்டரை அழைத்துவந்து காட்டினேன். பசியில் செய்ததில்லை, இது அதற்குப் பசியே எடுக்காத காலம் என்றார். வருஷத்தில் அந்தப் பருவம் வந்தால் ஆண் மானின் ரத்தத்தில் ஹார்மோன் என்று ஒன்று ஏறுமாம், கழுத்து பருப்பதும் மூர்க்கமும் அதனால்தானாம், மழையில் தின்று சேர்த்த கொழுப்பைக் கரைத்தே அது நாளை ஓட்டுமாம். மனிதர்களோடு வளர்ந்த மான், அந்த நேரத்தில் எதிரே வருகிறவனைத் தன் இடத்துக்குப் போட்டியாக வந்த இன்னொரு மானாகவே நினைக்குமாம். இதை உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை. தாய் செத்துக் கிடந்த இடத்தில் கத்திக்கொண்டிருந்த குட்டி அது, நீ எடுக்காவிட்டால் அன்றைக்கே நரி தின்றிருக்கும். நீயும் இரக்கப்பட்டாய், அவனும் இரக்கப்பட்டான். இதில் யாரைப் பிடித்துக் கேட்பது.

தை மாதம் அது எலும்பும் தோலுமாக நின்றது. நான் வேலிக்கு வெளியே இருந்தே தழையை வீசுவேன், அம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பங்குனியில் ஒரு கொம்பு விழுந்தது, மறுநாள் மற்றதும் விழுந்தது. அப்புறம் போட்டதையெல்லாம் தின்றது, பழைய சாதுவாகிவிட்டது. அதுதானப்பா என்னால் தாங்க முடியாததாக இருந்தது. சாயங்காலமானால் படலருகே வந்து நிற்கிறது, பாதையில் யார் சைக்கிள் மணி அடித்தாலும் காதைத் தூக்குகிறது. செய்தது எதுவும் அதற்குத் தெரியவில்லை. அடுத்த கார்த்திகைக்கு மறுபடியும் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லி, மெட்ராஸ் மிருகக்காட்சி சாலைக்கு எழுதிப்போட்டு ஏற்பாடு செய்தார். போன வெள்ளிக்கிழமை லாரி வந்தது. வந்த ஆட்கள் கயிற்றோடு போனால் மிரண்டு மிரண்டு ஓடிற்று. கடைசியில் உன் அம்மா கயிற்றை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். அது அவள் உள்ளங்கையை நக்கியது. "அவன் வரமாட்டான்டா சாமி, நீ போயிட்டு வா" என்று சொல்லி அவளேதான் நடத்திக்கொண்டுபோய் லாரியில் ஏற்றினாள். லாரி போன பிறகு தோட்டத்து மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சின்னையன் போனதிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டிக்கொள். ரங்கநாதர் உன்னைக் காப்பாற்றட்டும், எங்களுக்கு இனி நீ ஒருவன்தான். லீவு கிடைத்தால் எங்கும் இறங்காமல் நேரே வீட்டுக்கு வா என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் அம்மா வேறு சொல்கிறாள். மெட்ராஸில் இறங்கி மலையானை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரவேண்டுமாம், சாப்பிடுகிறதா என்று அவளுக்குத் தெரியவேண்டுமாம். கார்த்திகையில் மட்டும் போகவேண்டாமாம்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
வெள்ளைச்சாமி